பிரிந்த பிறகும் துரத்தும் சாதி: குழந்தை கஸ்டடி வழக்குகளில் 'நலன்' என்பது யாருடைய நலன்?

(மாணவர்கள் நடத்தும் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி மறுப்புத் திருமணம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நாம் எல்லோரும் உற்சாகமாக வந்துவிடுவோம். அப்படி மணந்தவர்கள் பிரிந்தால் என்ன ஆகிறது, அவர்களின் குழந்தை எங்கே போகிறது என்று பேசக் கூப்பிட்டால் கொஞ்சம் தயங்குவோம். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். "அப்பவே சொன்னோமே, பாத்தீங்களா?" என்று சொல்லக் காத்திருக்கும் கூட்டம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அவர்கள் வாய்க்கு அவல் போட வேண்டாம் என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். அந்த மௌனத்துக்கான விலையைக் குழந்தைகள் கொடுக்கிறார்கள். அதனால் இன்று அதையே பேசுகிறேன்.

குடும்பச் சட்டம் என் முனைவர் பட்ட ஆய்வுக்களம். தீர்ப்புகளைப் படிப்பதும் குடும்ப நீதிமன்றத் தாழ்வாரங்களில் உட்கார்ந்து கவனிப்பதும் என் அன்றாட வேலை. அதிலிருந்து ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். 'குழந்தையின் நலனே முதன்மையானது' என்பது நம் சட்டத்தின் மிக அழகான வாக்கியம். ஆனால் அந்த நலன் எப்படி இருக்கும் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. வெற்றுப் பாத்திரம் போல அது நீதிபதியின் கையில் கொடுக்கப்படுகிறது. நாம் எதுவும் போடாவிட்டால் ஊர் வழக்கம் தானாகவே அதில் வந்து நிறைந்துவிடும். ஊர் வழக்கம் என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விதையும் நிலமும்

தமிழில் நாம் கஸ்டடி என்ற சொல்லை முதலில் கேட்பது போலீஸ் கஸ்டடி என்றுதான். அதே சொல்லைக் குழந்தைக்கும் பயன்படுத்துகிறோம். யாருடைய பிடியில் இருக்க வேண்டும் என்பதே கேள்வியாகிவிடுகிறது. இந்தப் பார்வை சட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. காப்பாளர்கள் மற்றும் காப்புரிமைச் சிறார்கள் சட்டம் 1890இல் வந்தது. ஆங்கிலேயர் காலத்துச் சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சிறாரின் உடலுக்கும் சொத்துக்கும் காப்பாளரை நியமிப்பது அதன் நோக்கம். குழந்தையும் நிலபுலனும் ஒரே சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்தது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். அதன் 6ஆம் பிரிவு, திருமண உறவில் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு மட்டும் வரிசை தலைகீழாகிறது: முதலில் தாய், பிறகு தந்தை. இந்த வரிசையை மெதுவாக யோசித்துப் பாருங்கள். குலப்பெயரும் சொத்தும் போகிற குழந்தை அப்பாவுக்கு. அவை எதுவும் இல்லாத குழந்தை அம்மாவுக்கு. மனுதர்மத்தின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை நிலம் என்றும் ஆணை விதை என்றும் சொல்லி, விதையே பெரிது என்று தீர்ப்பு எழுதுகிறது. குடியரசு நாட்டின் சட்டப் புத்தகத்தில் அதே விதை வேறு எழுத்தில் முளைத்திருக்கிறது.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கணவரும் மனைவியும் சேர்ந்துதான் அந்த முடிவை எடுத்திருந்தார்கள். அப்படியும் அம்மாவின் கையெழுத்து செல்லவில்லை. அவர் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'அவருக்குப் பின்' என்பதை 'அவர் இறந்த பின்' என்று படிக்கக் கூடாது; தந்தை குழந்தையின் பொறுப்பில் அக்கறை காட்டாத நிலையிலும், பெற்றோர் ஒத்துக்கொண்ட நிலையிலும் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தப் பிரிவை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லவில்லை. முதல் நாற்காலி இன்னும் அப்பாவுக்கே. 2015 மே மாதத்தில் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில் இரு பெற்றோரையும் சமமான இயற்கைக் காப்பாளர்களாக ஆக்கச் சொன்னது. கூட்டுக் கஸ்டடிக்கும் வழி சொன்னது. அறிக்கை இருக்கிறது. 6ஆம் பிரிவும் அப்படியே இருக்கிறது.

இது இந்துச் சட்டத்தின் சிக்கல் மட்டும் என்று நினைக்காதீர்கள். இசுலாமியச் சட்டத்தில் சிறு வயதில் குழந்தையை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. காப்பாளர் என்ற இடம் தந்தைக்கே. மதங்கள் பல விஷயங்களில் சண்டை போடும். பிள்ளை அப்பாவுடையது என்பதில் பெரிய சண்டை இல்லை.

பாத்திரத்தில் என்ன விழுகிறது?

நீதிமன்றங்கள் நலனை எப்படி எடை போடுகின்றன? 1890 சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது: குழந்தையின் வயது, பாலினம், மதம், காப்பாளராக வர விரும்புபவரின் குணமும் தகுதியும், அவருடைய உறவு நெருக்கம். குழந்தை விவரம் அறியும் வயதில் இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். ஐந்து வயது முடியாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956 சட்டம் சொல்கிறது.

இந்தப் பட்டியலை நல்லபடியாகவும் படித்திருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973லேயே சொன்னது. மறுமணம் செய்துகொண்டார் என்பதற்காக மட்டும் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்க முடியாது என்று 2006இல் சொன்னது. மனைவியின் மரணம் தொடர்பாகக் குற்ற வழக்கை எதிர்கொண்ட தந்தையிடம் கீழ் நீதிமன்றங்கள் குழந்தையைக் கொடுத்தபோது, 2008இல் அதை மாற்றித் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டது. திருமண மீறல் மணவிலக்குக்குக் காரணமாகலாம், கஸ்டடியை மறுக்கக் காரணமாகாது என்று 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. பணம் மட்டுமே அளவுகோல் இல்லை என்று எத்தனையோ தீர்ப்புகள் சொல்லியிருக்கின்றன.

அந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் கிடையாது. பின் எப்படி உள்ளே வருகிறது? வேறு பெயர்களில் வருகிறது. மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் கேளுங்கள்: 'நல்ல சூழல்', 'கௌரவமான குடும்பம்', 'சொந்த வீடு', 'கூட்டுக் குடும்பத்தின் ஆதரவு', 'பழக்க வழக்கம்'. ஒரு தலித் தாயும் ஆதிக்க சாதித் தந்தையும் பிரிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த வீடும் நிலமும் பென்ஷன் வாங்கும் தாத்தாவும் இருக்கிறார்கள். இவர் பக்கத்தில் காலனியில் ஓர் அறை, காலையில் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டு வீடுகளையும் பக்கத்தில் வைத்து எது 'நல்ல சூழல்' என்று கேட்டால் பதில் கேள்வியிலேயே இருக்கிறது. அந்த வீடு ஏன் அங்கே இருக்கிறது, இந்த அறை ஏன் இங்கே இருக்கிறது என்பது வழக்கின் ஆவணங்களில் வராது.

பணம்தான் குறை என்றால் அதைச் சரிசெய்ய ஜீவனாம்சம் என்ற ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. வருமானம் உள்ளவரிடமிருந்து பணத்தை நகர்த்தலாம். பணத்துக்குப் பதில் குழந்தையை நகர்த்துவது ஏன்? நம் வழக்கறிஞர்கள் இந்த வாதத்தை ஒவ்வொரு வழக்கிலும் வைக்க வேண்டும்.

இன்னும் முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பெரிய வீட்டில் இந்தக் குழந்தை என்னவாக வளரும்? தன் அம்மாவைக் கல்யாணமான நாளிலிருந்து வாசல் தாண்ட விடாத வீடு அது. அங்கே வளரும் பிள்ளை, தன் உடம்பில் பாதியை மறைத்து வைக்கக் கற்றுக்கொள்ளும். அம்மாவின் ஊர்ப் பெயரைப் பள்ளியில் சொல்லக் கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கப்படும். இது நலனில் சேராதா? குழந்தையின் மனநலம், சுயமரியாதை என்பவை மற்ற இடங்களில் பேசப்படும்போது சாதி வெறுப்பு மட்டும் ஏன் குடும்பத்தின் 'உள்விவகாரம்' ஆகிறது?

நேரம் யார் பக்கம்?

கஸ்டடி வழக்கில் சட்டப் பிரிவுகளைவிட நேரம் பெரிய சக்தி. முதல் வாரத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறதோ அவர் கை ஓங்கிவிடுகிறது. வழக்கு இழுக்கிறது. குழந்தை அங்கேயே பள்ளியில் சேர்கிறது, பழகுகிறது. பிறகு 'பழகிய சூழலைக் கலைக்க வேண்டாம்' என்ற வாதம் வருகிறது. அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. பிள்ளையைப் பந்து போல வீசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் எப்படி உருவானது என்பதைக் கேட்க வேண்டும். 'பிள்ளைய வெச்சிக்கிட்டு அவள மட்டும் அனுப்பு' என்பது நம் ஊர்களில் பழைய உத்தி. ஆள்பலமும் ஊர்ச் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு அது எளிது.

1890 சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில்தான் காப்பாளர் மனு போட வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன ஊரிலேயே வழக்கு நடக்க வேண்டும் என்ற வாதம் இதிலிருந்து எழும். விரட்டப்பட்ட பெண் அதே ஊருக்குத் திரும்பி, அதே பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, அதே ஆட்களின் முன் நடந்து வாய்தாவுக்குப் போக வேண்டும். இதற்கு மாற்று ஒன்று உண்டு என்பதைப் பலரிடம் யாரும் சொல்வதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் தற்காலிகக் கஸ்டடி கேட்கலாம். அந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே மனு போட முடியும். எதிர்த் தரப்பு குழந்தையைச் சந்திப்பது தீங்கு என்று மாஜிஸ்டிரேட் கருதினால் சந்திப்பை மறுக்கவும் அதில் இடமிருக்கிறது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சந்திப்பு நேரம். கஸ்டடி ஒருவருக்குப் போனால் மற்றவருக்கு விசிட்டேஷன்: வாரக் கடைசியில் சில மணி நேரம், பள்ளி விடுமுறையில் பாதி, பிறந்த நாள், பண்டிகை. நேரில் பார்க்க முடியாவிட்டால் வீடியோ அழைப்பு. இரு பெற்றோரின் அன்பும் குழந்தையின் உரிமை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கே சந்திப்பது?

இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். பாதிக்கப்படுவது எப்போதும் தாய் மட்டும் இல்லை. தலித் தந்தை, ஆதிக்க சாதித் தாய் என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்தபின் அந்தப் பெண் பெற்றோர் வீட்டுக்குப் போகிறார். பெரும்பாலும் வேறு போக்கிடம் இருக்காது. குழந்தை தாயுடன் இருப்பதில் தவறில்லை. ஆனால் 'தாயின் இல்லத்தில் ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரை சந்திக்கலாம்' என்று ஓர் உத்தரவு வந்தால் அதன் பொருள் என்ன? அவர் அந்தத் தெருவுக்குள் நடந்து போக வேண்டும். மாப்பிள்ளையாக இருந்தபோதே அவர் நுழைய முடியாத தெரு அது. உத்தரவைப் போட்ட நீதிபதிக்கு அது வெறும் முகவரி. இவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. இரண்டு வாரம் அவர் போகாவிட்டால் 'தந்தைக்கு அக்கறை இல்லை' என்று பதிவாகும்.

அந்தப் பெண்ணின் நிலைமையும் எளிதில்லை. திரும்பிப் போன வீட்டில் அவளுக்கு மன்னிப்பு நிபந்தனையுடன்தான் கிடைக்கிறது: குழந்தை அப்பனை மறக்க வேண்டும். அவளே விரும்பினாலும் குழந்தையை அவரிடம் காட்ட முடியாது. சாதிகள் உயிர்வாழ்வது அகமணத்தால் என்றும், அந்த எல்லையைக் காப்பதற்கே பெண்ணின் மீது அத்தனை கட்டுப்பாடுகள் என்றும் அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையில் விளக்கினார். எல்லை தாண்டிப் பிறந்த குழந்தையை என்ன செய்வது என்பது சாதிக்கு எப்போதும் தலைவலி. துரத்த முடியாவிட்டால் விழுங்கிவிடும். அப்பனின் பெயரை அழித்துவிட்டு 'நம்ம பிள்ளை' ஆக்கிக்கொள்ளும்.

குழந்தையின் விருப்பத்தைக் கேட்கும்போதும் இது வெளிப்படுகிறது. நீதிபதி தன் அறைக்குள் அழைத்துப் பேசும்போது பிள்ளை, 'எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை' என்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது? 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெற்றோர் மற்றவருக்கு எதிராகக் குழந்தையைத் திருப்புவது பற்றிப் பேசியது. 2024இல் அந்த முத்திரையை அவசரப்பட்டுக் குத்தக் கூடாது என்று எச்சரித்தது. இரண்டுமே தேவை. வன்முறைக்குப் பயந்து விலகும் குழந்தையின் குரலை அந்த முத்திரை நசுக்கிவிடக் கூடாது. அதே நேரம், அப்பாவின் வீட்டில் தண்ணீர் குடிக்க அருவருக்கும்படி ஒரு ஆறு வயதுப் பிள்ளை பழக்கப்பட்டிருந்தால், அதைக் குழந்தையின் 'விருப்பம்' என்று எழுதிக்கொள்வது சாதிக்கு நீதிமன்ற முத்திரை வைப்பதாகும்.

பிள்ளையின் சாதி எது?

கஸ்டடி முடிந்ததும் தாலுகா அலுவலகத்தில் அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது. 2012இல் குஜராத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. பழங்குடித் தாய்க்கும் வேறு சமூகத் தந்தைக்கும் பிறந்தவர் பழங்குடியா என்பது கேள்வி. தந்தையின் சாதியே குழந்தைக்கு என்ற அனுமானம் உண்டு, ஆனால் அது முடிவானது அல்ல; தாயின் சமூகத்தில் வளர்ந்து, அந்தச் சமூகத்தின் இழிவுகளையும் இல்லாமைகளையும் தானும் அனுபவித்ததைக் காட்டினால் தாயின் சமூகம் என்றே ஏற்க வேண்டும் என்றது. கவனியுங்கள்: யார் வளர்த்தார் என்பது இங்கே சாட்சியம் ஆகிறது. கஸ்டடி உத்தரவு குழந்தையின் இடஒதுக்கீட்டு உரிமையையும் தொட்டுவிடுகிறது.

2024 டிசம்பரில் இன்னொரு வழக்கு. தலித் தந்தை, தலித் அல்லாத தாய். பிள்ளைகள் தாயுடன் அவரின் பெற்றோர் வீட்டில் வளர்கிறார்கள். உச்ச நீதிமன்றம் மணவிலக்கு அளித்தது. பிள்ளைகள் தாயிடமே இருக்கட்டும் என்றது. தந்தை ஆறு மாதத்துக்குள் பிள்ளைகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும், படிப்புச் செலவை ஏற்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பிள்ளைகளுக்கு நல்ல முடிவு. ஆனால் இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் படியுங்கள். தந்தை தலித் என்றால் எங்கே வளர்ந்தாலும் பிள்ளை தலித். தாய் தலித்தோ பழங்குடியோ என்றால், பட்ட அவமானத்துக்குப் பிள்ளை சாட்சியம் கொண்டுவர வேண்டும். நான் முதலில் சொன்ன விதைதான் இங்கேயும் ஆள்கிறது.

2025 டிசம்பரில் சின்ன நம்பிக்கை ஒன்று வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு சிறுமிக்குத் தாயின் ஆதி திராவிடர் சாதியை வைத்துச் சான்றிதழ் தரச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. சட்டக் கேள்வியை மட்டும் திறந்தே வைத்தது. திறந்திருக்கும் அந்தக் கதவு வழியாக நாம்தான் நுழைய வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் சட்டம். 6ஆம் பிரிவின் 'தந்தை, அவருக்குப் பின் தாய்' என்ற வரிசை போக வேண்டும். இது நமக்குப் புதிய கோரிக்கை இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பிள்ளையின் மீதான சம உரிமை அதன் தொடர்ச்சி.

இரண்டாவது, நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி. குடும்ப நீதிமன்ற ஆலோசகர் அறிக்கை எழுதும்போது, இந்த வீட்டில் மற்ற பெற்றோரின் சாதியைப் பற்றி என்ன பேசப்படுகிறது, குழந்தை இரு பக்கத்து உறவினரோடும் பழக முடிகிறதா என்று கேட்க வேண்டும். இதைக் கேட்பது சாதி பார்ப்பது ஆகாது. பார்க்கப்படும் சாதியைப் பதிவு செய்வது. சந்திப்பு இடம் இரு தரப்புக்கும் பாதுகாப்பான பொது இடமாக இருக்க வேண்டும் என்று மனுவிலேயே காரணத்தோடு எழுத வேண்டும். 'சூழல்' என்று எதிர்த்தரப்பு எழுதினால், எந்தச் சூழல் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, உதவி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். முதல் வாரமே போக வேண்டும். நேரம் யார் பக்கம் சாயும் என்று பார்த்தோம்.

நான்காவது நம்மைப் பற்றியது. சாதி மறுப்பு மணத்துக்கு நாம் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம், பாதுகாப்புக்கு நிற்கிறோம், படம் எடுத்துப் பகிர்கிறோம். நான்கு வருடம் கழித்து அதே பெண் அழைத்து, "தோழர், சேர்ந்து வாழ முடியலை" என்றால் நம்மில் பலர் சொல்லும் முதல் வார்த்தை, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க". சொந்தச் சாதியில் மணந்தவர்களும் பிரிகிறார்கள். அப்போது யாரும் அகமணம் தோற்றது என்று எழுதுவதில்லை. சாதி மறுத்தவர்கள் மட்டும் கொள்கையை நிரூபிக்க வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திருக்க வேண்டுமா? பிரியும் உரிமையும் சுயமரியாதையில் அடக்கம். மணத்துக்கு நின்ற தோழர்கள் பிரிவிலும் நிற்க வேண்டும்: வாய்தாவுக்குத் துணையாக, சந்திப்பு நாளில் நடுவில் நிற்கும் நம்பிக்கையான ஆளாக, அப்பா அம்மா இருவரிடமும் பேசக்கூடிய அத்தையாக, மாமாவாக. சொந்தங்கள் கைவிட்ட இணைக்கு நாம்தானே சொந்தம் என்று மேடையில் சொன்னோம். அந்தச் சொந்தம் குழந்தைக்கும் வேண்டும்.

ஏனென்றால் அந்தக் குழந்தைக்கு நாம் இல்லாவிட்டால், இரண்டு பெற்றோரையும் வெறுக்காமல் வளர வேறு இடம் கிடைக்காமல் போகலாம். ஒரு பக்கத்தை மறைத்துத்தான் இன்னொரு பக்கத்தில் இருக்க முடியும் என்று அது கற்றுக்கொண்டால், திருமணத்தில் தோற்ற சாதி வளர்ப்பில் ஜெயித்துவிடும். அதை நடக்க விடாமல் பார்த்துக்கொள்வோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே.